தேனீப் பெட்டி திறந்த கதை

தேன் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நாவூறாதவர் உலகில் அரியர். ஆயினும், அத்தேனைத் துளித்துளியாகத் திரட்டிச் சேர்க்கும் சிற்றுயிர்களின் இல்லத்தைத் தம் கையாலே திறந்து பார்த்தவர் அவரினும் அரியர். யாமும் ஐம்பது வயது வரையில் அவ்வாறு பாராதவர் கூட்டத்திலேயே இருந்தோம். எம் கல்லூரி ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதுக என்று பத்திராதிபர் பணித்தபொழுது, கற்றறிந்த பொருளைப்பற்றி எழுதுவதினும் பிழைசெய்து அறிந்த பொருளைப்பற்றி எழுதுவதே பயனுடைத்தென்று எமக்குத் தோன்றிற்று. ஆதலின், இரண்டு தேனீப் பெட்டிகளை நிறுவி, அவற்றுள் ஒன்றனை எம் அறியாமையால் அழிவின் விளிம்புவரை கொண்டுசென்று, பின்னர் ஒருவாறு காத்துக்கொண்ட வரலாற்றை ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

எம் தந்தையார் குமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக விளங்கியவர். பள்ளி வேலை போக எஞ்சிய பொழுதெல்லாம் பன்னிரண்டு தேனீப் பெட்டிகளோடு கழியும். எமக்கோ இளமையில் அப்பெட்டிகளின் அருகே செல்லவும் அச்சம். தேன் எடுக்கும் நாளன்று மட்டும் கிண்ணமும் கையுமாய் அடுக்களை வாயிலில் நிற்போம். யாம் இக்கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த 1991, 1992 ஆகிய ஆண்டுகளில், தென்னாட்டுத் தேனீக்களுக்குப் பெருங்கேடு ஒன்று நேர்ந்தது. முதன்முதல் தாய்லாந்து நாட்டில் கண்டறியப்பட்டமையால் 'தாய் சாக்புரூட்' என்று பெயர்பெற்ற நச்சுயிரி நோய் இங்கும் பரவிற்று. அந்நோய் பற்றிய புழு, கூட்டுப்புழுவாக மாறமாட்டாது, தன் அறைக்குள்ளேயே மல்லாந்து, நீர் நிறைந்த சிறு பைபோலாகி மடியும். அதற்கு மருந்தில்லை. பல்லாயிரம் பெட்டிகள் வெறுமையாயின. விடுமுறைக்கு யாம் ஊர் சென்றபொழுது தந்தையாருடைய பன்னிரண்டு பெட்டிகளும் வாய் திறந்து வெயிலில் கிடந்தன. அவர் அவற்றைக் கழுவி, உலர்த்தி, மச்சில் அடுக்கி, ஏணியை எடுத்துவிட்டார். அதன்பின் தேனீயைப்பற்றி எம் வீட்டில் ஒருவரும் பேசியதில்லை.

தந்தையார் மறைந்து ஈராண்டு கழிந்தபின், 2023 ஆம் ஆண்டில் அம்மச்சைத் துப்புரவு செய்ய நேர்ந்தது. பெரும்பாலான பெட்டிகளைக் கறையான் தின்றிருந்தது. இரண்டு மட்டும் பழுதின்றி இருந்தன. அவற்றை எறிய மனமின்றிக் கீழே இறக்கினோம். எம் அன்னையார் நெடுநேரம் அவற்றை நோக்கியிருந்து, "அப்பா மூடி வச்சதை நீ திறக்கப் போறே. பார்த்துத் திற, மக்களே" என்றார். அச்சொற்களின் முழுப்பொருள் எமக்கு அன்று விளங்கவில்லை.

நிற்க. அப்பெட்டியின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். பார்வைக்கு எளிய மரப்பெட்டியே எனினும், அதன் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. தேனீக்களின் இல்வாழ்க்கையை உலகிற்கு முதற்கண் தெளிவுறக் காட்டியவர்களுள் ஒருவர் பிரான்சுவா ஹூபர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர். அவர் கண்ணொளி இழந்தவர். தம் உதவியாளரின் கண்களைக் கொண்டு ஆராய்ந்து, 1792 ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். ஆண் தேனீக்கள் கருவுறாத முட்டையினின்றே பிறக்கின்றன என்பதை 1845 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் சைலீசிய நாட்டுப் பாதிரியாரான சீர்சன் என்பவர். அமெரிக்க நாட்டுப் போதகர் லாங்ஸ்டிராத் என்பவர் 1851 ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டு கைக்கொண்டார். தேனீக்கள் தாம் நடமாடுதற்கென ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு வெளி விடுகின்றன என்பதும், அவ்வெளி மிகுந்தால் அடை கட்டி நிரப்புகின்றன, குறைந்தால் பிசின் பூசி அடைக்கின்றன என்பதுமே அவ்வுண்மை. அவ்வளவினைப் பெட்டிக்கும் சட்டத்திற்கும் இடையே விட்டுவிட்டால், சட்டங்கள் ஒட்டிக்கொள்ளாமல், புத்தகத்தின் ஏடுகள் போல ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்க்கலாகும். அதற்குமுன் தேனுக்காகக் கூட்டையே சிதைப்பது வழக்கமாயிருந்தது.

நம் நாட்டு அடுக்குத்தேனீயோ மேல்நாட்டுத் தேனீயினும் உடல் சிறியது. பிசின் சேர்க்கும் வழக்கமும் அதற்கில்லை. 1911 முதல் 1917 வரை தென்னாட்டில் பலர்க்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்த நியூட்டன் பாதிரியார் அதன் அளவிற்கேற்பச் சிறியதொரு பெட்டியை வகுத்தார். அது இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அடியில் ஒரு பலகை. அதன்மேல் ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறை. அதன்மேல் உயரம் குறைந்த தேன் அறை. பின்னர் உள்மூடியும் மேல்மூடியும். 1920களில் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராமப் புனருத்தாரணப் பணியைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹாச் என்னும் அமெரிக்கப் பெரியார், அவ்வட்டாரத்து ஏழை மக்களின் இல்லந்தோறும் இக்கைத்தொழில் பரவ வழிசெய்தார். இங்ஙனம் தேனீப் பெட்டியின் வரலாற்றில் சமய ஊழியர் பலர்க்குப் பங்குண்டாயிருத்தல் எம்போன்ற மிஷன் கல்லூரி மாணாக்கர்க்கு மகிழ்வூட்டும் செய்தியன்றோ?

பெட்டிகளைச் சோடா உப்பு நீரால் கழுவி, உட்புறத்தை நெருப்பில் வாட்டி, பல நாள் வெயிலிலிட்டோம். தச்சரைக்கொண்டு புதிய சட்டங்கள் செய்வித்தோம். மார்த்தாண்டத்துக்கு அணித்தாய் ஓர் ஊரில் எம் தந்தையாரை அறிந்த முதியவர் ஒருவர் இருந்தார். 1992 ஆம் ஆண்டுக்குப்பின், நோய்க்குத் தப்பிய காட்டுக் குடும்பம் ஒன்றை மரப்பொந்திலிருந்து பிடித்து, அதனைப் பல்கப் பெருக்கி, மீண்டும் தொழிலை நிலைநிறுத்திக்கொண்டவர் அவர். அவரிடம் இரண்டு குடும்பங்கள் கேட்டோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எம் பகுதியில் தேனீக் குடும்பங்கள் பெருகும் பருவம். ஆதலின், 2023 அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நான்கு அடைகள் கொண்ட குடும்பம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றாகத் தந்தார். பகலில் தேனீக்கள் வெளியே சென்றிருக்குமாதலால், இருட்டியபின் வாயிலைத் துணியால் அடைத்து, ஆட்டோவில் மடிமேல் வைத்து இல்லம் கொணர்ந்தோம். வழிநெடுகப் பெட்டிக்குள் எழுந்த மெல்லிய முழக்கம் எம் முழங்காலில் அதிர்ந்துகொண்டேயிருந்தது.

தோட்டத்துப் பலாமர நிழலில், காலை வெயில் வாயிலில் படுமாறு கிழக்கு நோக்கி, இரண்டு தாங்கிகளின்மேல் பெட்டிகளை நிறுத்தினோம். எறும்பு ஏறாதவாறு தாங்கிகளின் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் ஊன்றினோம். சீனியும் நீரும் சமமாகக் கலந்த பாகினை மாலைப்பொழுதில் உள்ளே வைத்தோம். பாகு வெளியே சிந்தினால் அயற்பெட்டித் தேனீக்கள் கொள்ளையிட வரும் என்று முதியவர் எச்சரித்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து முதற் பரிசோதனை. தெளிந்த வானமும் இளவெயிலும் உள்ள காலையில், முகவலை அணிந்து, தேங்காய்ச் சவுரி இட்ட புகைக்குழலை மூட்டி, வாயிலுக்கு எதிரே நில்லாது பக்கத்தில் நின்று, முதியவர் முன்னிலையில் மூடியை அகற்றினோம். அவர் சொல்லியவாறு ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்துப் புறத்தே வைத்தோம். அதனால் உண்டான இடைவெளியில் அடுத்த சட்டத்தைச் சற்றே நகர்த்தி, எதனோடும் உரசாது நேரே மேலே தூக்கினோம். பொன்னிற அடையின் மேல்விளிம்பில் தேன். அதன்கீழ் வில்வளைவாக மஞ்சளும் செம்மையுமான மகரந்தம். நடுவே மூடியிட்ட புழு அறைகள். அவற்றைச் சூழ்ந்து முத்தெனச் சுருண்டு கிடக்கும் வெண்புழுக்கள். சூரியன் எம் தோளின்மேல் விழுமாறு அடையைச் சாய்த்தபொழுது, வெற்றறைகள் என்று யாம் எண்ணியவற்றின் அடியில் மயிரிழை போன்ற வெண்முட்டைகள் ஒவ்வொன்றாய் நிற்கக் கண்டோம். முட்டை முதல் நாள் நிமிர்ந்தும், பின்னர்ச் சாய்ந்தும், மூன்றாம் நாள் படுத்தும் இருக்குமென்றும், ஆதலின் இராணியைக் காணாவிடினும் நிமிர்ந்த முட்டையைக் கண்டால் இராணி நேற்று இருந்தாள் என்று தெளியலாமென்றும் முதியவர் கற்பித்தார். அதன்பின் இராணியையே கண்டோம். கருமை மிகுந்த நீண்ட உடலினளாய், கூட்டம் வழிவிட, அமைதியாக அவள் நடந்தாள். எம் கண்கள் பைபோன்ற புழுவை ஒவ்வோர் அறையிலும் தேடின. ஒன்றும் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகளுக்குமுன் எம் தந்தையார் எத்துணை நாள் இவ்வாறு தேடித்தேடி, கண்டு கண்டு, பெட்டியை மூடியிருப்பார் என்னும் எண்ணம் அப்பொழுதுதான் எமக்கு எழுந்தது.

முதியவர் விடைபெறும்பொழுது, "சாரே, திறக்கப் படிச்சாச்சு. இனி திறக்காம இருக்கப் படியுங்க. பதினைந்து நாளைக்கு ஒருதரம் போதும்" என்று சொல்லிச் சென்றார். யாமோ திறந்த கையை அடக்கும் வன்மையற்றவராயினோம். இரண்டு நாளைக்கொருமுறை ஏதேனும் ஒரு காரணம் கிடைத்தது. பாகு தீர்ந்ததா என்று பார்க்க ஒருமுறை. உறவினர்க்குக் காட்ட ஒருமுறை. கைப்பேசியில் படமெடுக்க ஒருமுறை. தேனீக்கள் பொறுத்துக்கொண்டன. அப்பொறுமையை எம் திறமையென்று கருதிக்கொண்டோம்.

நவம்பர் 4 ஆம் தேதி நண்பர் ஒருவர் வந்தார். வானம் மூடியிருந்தது, காற்றில் மழையின் ஈரம் இருந்தது. அத்தகைய நாளில் வெளியே செல்லாத முதிர்ந்த தேனீக்களும் உள்ளேயே இருக்கும். அவை எளிதிற் சினக்கும். இதனைப் படித்திருந்தும், நண்பர்க்கு இராணியைக் காட்டும் ஆவலால், இரண்டாம் பெட்டியைத் திறந்தோம். ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுக்கும் முறையை விடுத்து நடுச்சட்டத்தையே பற்றி இழுத்தோம். அது அயலடையோடு உரசி மேலே வந்தது. ஒரு தேனீ எம் மணிக்கட்டில் கொட்டியது; பழுத்த வாழைப்பழம்போன்ற மணம் எழுந்தது. அம்மணம் தேனீக்கள் ஒன்றற்கொன்று தரும் அபாய அறிவிப்பாகும். கொடுக்கு விழுந்த இடத்தில் மேலும் பல கொட்டின. யாம் சட்டத்தை இட்டவாறே இட்டு, மூடியைப் போட்டு, நண்பரோடு ஓடினோம். அன்று மாலை அதனை வேடிக்கைக் கதையாகவே சொல்லி நகைத்தோம்.

அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 11 ஆம் தேதி, மீண்டும் திறந்தோம். இரண்டாம் பெட்டியின் அடைகளில் நிலக்கடலை வடிவில் ஐந்து நீண்ட அறைகள் தொங்கின. அவை இராணி அறைகள் என்பதை அறிந்திருந்தோம். கூட்டம் பிரிந்து செல்லுமுன் இராணி அறைகள் கட்டப்படும் என்றும், அவற்றை நீக்கிவிட்டால் கூட்டம் பிரியாது என்றும் ஒரு புத்தகத்தில் படித்திருந்தோம். எனவே, சிறு கத்தியால் ஐந்தனையும் அறுத்தெடுத்து, கடமையைச் செம்மையாகச் செய்த நிறைவோடு பெட்டியை மூடினோம். கூட்டம் பிரிதற்குரிய அறைகள் பெரும்பாலும் அடையின் கீழ்விளிம்பில் தொங்குமென்றும், இவை அடையின் முகத்தில் நடுவே எழுந்திருந்தன என்றும் அப்பொழுது யாம் கருதவில்லை. முட்டை உண்டா என்று பார்க்கவுமில்லை. அறிந்தது பாதியாயும் துணிவு முழுதாயும் இருத்தலினும் கேடானது யாதுளது?

நவம்பர் 19 ஆம் தேதி உண்மை வெளிப்பட்டது. இரண்டாம் பெட்டியில் முட்டையில்லை. புழுவுமில்லை. மூடிய அறைகள் சில அங்குமிங்குமாய் எஞ்சியிருந்தன. மூடியைத் திறந்ததும் வழக்கமாக எழும் மெல்லொலிக்கு மாறாக, நெடிய முனகல்போன்ற முழக்கம் எழுந்து அடங்காதிருந்தது. நெஞ்சம் படபடக்க முதியவர்க்குத் தொலைபேசியில் சொன்னோம். மறுநாட் காலையிலேயே பேருந்தேறி வந்தார்.

அவர் ஒவ்வொரு சட்டமாய் எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்து, ஒன்றும் பேசாது திரும்ப வைத்தார். பின்னர் எம்மை நோக்கி, "முட்டை இல்லைன்னா மூணு நாளா இராணி இல்லை. புழுவும் இல்லைன்னா எட்டு நாளா இல்லை. மூடின அறையிலும் முக்கால்வாசி பொரிஞ்சு போச்சு. அப்போ ரெண்டு வாரத்துக்கு மேலே ஆச்சு. ரெண்டு வாரத்துக்கு முன்னே என்ன செய்தீங்க, சாரே?" என்று வினவினார். மருத்துவர் நாடியைப் பிடித்து நோயின் நாளைக் கூறுவதுபோல அவர் கூறக்கேட்டுத் திகைத்தோம். நவம்பர் 4 ஆம் தேதி உரசிய சட்டம் எம் நினைவில் எழுந்தது. அவ்வுரசலில் இராணி நசுங்கியிருக்கவேண்டும். ஏதிலராய தேனீக்கள், அவள் விட்டுச்சென்ற இளம்புழுக்களுள் சிலவற்றைத் தேர்ந்து, இராணிப்பாலூட்டி, ஐந்து புதிய இராணிகளை வளர்க்கத் தொடங்கின. தாம் இழந்ததை ஈடுசெய்ய அவை எடுத்த முயற்சியையே யாம் கத்தியால் அறுத்தெறிந்தோம். மூன்று நாளைக்கு மேற்பட்ட புழுவினின்று நல்ல இராணியை ஆக்க இயலாது. ஆகவே, அதன்பின் அக்கூட்டத்தின் கையில் ஒன்றுமில்லை.

முதலில் செய்த பிழையைத் தேனீக்கள் பொறுத்தன. அதனைத் திருத்தவும் முனைந்தன. அவற்றின் திருத்தத்தையும் கெடுத்தது எமது இரண்டாம் பிழை. இதனை அவர்பால் ஒப்புக்கொள்ளும்பொழுது, பள்ளியில் பிழைத்த மாணாக்கன்போல எம் குரல் தாழ்ந்தது. அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "உங்க அப்பாவும் முதல் வருஷம் ஒரு இராணியைக் கொன்னாரு. அதைச் சொல்லியிருக்க மாட்டாரு" என்று மட்டும் சொன்னார். அது கேட்டு யாம் சிறிதுநேரம் பலாமரத்தடியில் வாளாவிருந்தோம்.

இனிச் செய்யத்தக்கது ஒன்றே. முதற்பெட்டியினின்று, முட்டைகளும் இளம்புழுக்களும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து இரண்டாம் பெட்டிக்கு அளித்தல் வேண்டும். அதனால் நலமாயுள்ள குடும்பமும் மெலியும். காலம் தாழ்த்தினாலோ, இராணியற்ற கூட்டத்தில் வேலைக்காரத் தேனீக்களே ஓர் அறையில் இரண்டு மூன்றாக முட்டையிடத் தொடங்கும். அம்முட்டைகளினின்று ஆண் தேனீக்களே பிறக்கும்; குடும்பம் அழிவது திண்ணம். அந்நிலை இன்னும் வரவில்லை என்று தெளிந்தபின், முதற்பெட்டியின் இராணி எச்சட்டத்தில் இருக்கிறாள் என்று பார்த்து அவளை விலக்கி, வேறொரு சட்டத்தினின்று தேனீக்களை மெல்ல உதறிவிட்டு, அதனை இரண்டாம் பெட்டியின் நடுவே முதியவர் இறக்கினார். நான்காம் நாள் அவரே வந்து அச்சட்டத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார். மூன்று இராணி அறைகள் தோன்றியிருந்தன. "இனி மார்கழி பிறந்து ஒரு வாரம் கழியட்டும். அதுவரை வாயிலை மட்டும் பாருங்க" என்று கட்டளையிட்டார்.

அந்த ஒரு மாதம் எம் வாழ்நாளில் யாம் கற்ற நெடிய பாடமாகும். உள்ளே நிகழ்வன யாவை என்பதைக் கணக்கினால் மட்டும் அறிந்தோம். டிசம்பர் முதல் வாரத்தில் இராணி ஒருத்தி அறையைத் திறந்து வெளிவரவேண்டும். தன் போட்டியாளரை ஒழிக்கவேண்டும். ஒருவார அளவில் வானில் பறந்து ஆண் தேனீக்களைக் கூடி மீளவேண்டும். பறக்கும் பொழுது ஒரு பறவை கொத்தினாலும், காற்று அடித்தாலும், திரும்புகையில் அயற்பெட்டியுள் தவறிப் புகுந்தாலும் எல்லாம் முடிந்தது. மறுபடி தருதற்கு முதற்பெட்டியில் வலிமையில்லை. நாள்தோறும் காலையில் தாங்கியின் பக்கத்தே முக்காலியிட்டு அமர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, வாயிலை மட்டும் நோக்கியிருந்தோம். டிசம்பர் 14 ஆம் தேதி, இரண்டாம் பெட்டிக்குள் நுழையும் தேனீக்கள் பலவற்றின் பின்கால்களில் மகரந்தப் பொதிகள் செறிந்திருக்கக் கண்டோம். புழுவை வளர்ப்பதற்கே மகரந்தம் மிகுதியும் வேண்டப்படும். ஆதலின், அது நற்குறியே. ஆயினும் குறியேயன்றி உறுதியன்று. எம் கை மூடிமேல் சென்றது. அதனை இழுத்துக்கொண்டோம்.

பின்னர் மழை வந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை அன்பர்கள் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரவருணி கரைபுரண்டு நெல்லைச் சீமையும் தூத்துக்குடிச் சீமையும் நீரில் மூழ்கின. மனைகளையும் மாடுகளையும் மக்கள் இழந்து நின்ற அந்நாட்களில், ஒரு பெட்டித் தேனீயைப்பற்றிக் கவலுதல் சிறுமையென்று எமக்கே நாணம் உண்டாயிற்று. எம் பகுதியிலும் ஓயாத மழை. பெட்டிகளின்மேல் தகரமிட்டு, கல் வைத்து, வாயில் நனையாதவாறு காத்ததன்றி வேறொன்றும் செய்ய இயலவில்லை. இரவில் மழையின் ஓசைக்கிடையே, தாங்கி சரிந்ததோ என்று பலமுறை எழுந்து பார்த்தோம்.

வானம் தெளிந்தபின், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னர், டிசம்பர் 23 ஆம் தேதி காலை பத்து மணிக்கு இரண்டாம் பெட்டியைத் திறந்தோம். முதியவர் வரவில்லை, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றிருந்தார். மூடியை அகற்றியபொழுது பழைய முனகல் எழவில்லை. ஓரத்துச் சட்டத்தை எடுத்துப் புறத்தே வைத்தோம். அடுத்ததை நகர்த்தினோம். மூன்றாவதை நேரே தூக்கி, வெயில் தோளின்மேல் விழுமாறு சாய்த்தோம். அறையடியில் முட்டை. ஓர் அறைக்கு ஒன்றே. பக்கத்தில் ஒட்டாமல் அடியின் நடுவே நின்றது. அதனருகே வளைந்த புழுக்கள். அவற்றிற்கப்பால் மூடிய அறைகள். மூடிகள் மேடாகவும் நடுவே துளையுடையனவாகவும் இருந்தால் அவை ஆண் தேனீக்களாம். இவையோ சமமாக இருந்தன. ஆதலின், இராணி பிறந்தாள், மழைக்கு முன்னரே பறந்து கூடி மீண்டாள், முட்டையிடுகின்றாள் என்பது ஐயமறத் தெளிந்தது. அவளை நேரிற் காணவேண்டும் என்னும் ஆவல் எழாமலில்லை. எனினும், காணவேண்டியதைக் கண்டாயிற்று என்று மூடிவிட்டோம். அடுக்களை வாயிலில் நின்றிருந்த அன்னையார், "என்ன மக்களே, இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு அம்மா" என்றோம். அதற்குமேல் இருவராலும் பேச இயலவில்லை.

நிற்க. சனவரி முதல் மார்ச்சு வரை எம் பகுதியில் தேன் மிகும் பருவம். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்பொழுது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடுமிடத்தில் இனிய நீர் சுரக்கும். பூவினின்றன்றி இலைக்காம்பினின்று தேனீக்கள் திரட்டும் அவ்வினிமையே குமரி மாவட்டத்துத் தேனின் பெரும்பகுதி. 2024 ஆம் ஆண்டின் அப்பருவத்தில் முதற்பெட்டி ஆறு கிலோத் தேன் தந்தது. இரண்டாம் பெட்டி ஒன்றரைக் கிலோவே சேர்த்தது. அதனை எடாது அவற்றின் மழைக்கால உணவிற்கென விட்டுவைத்தோம். முதற்றேனைப் பழைய கிண்ணத்தில் ஊற்றி அன்னையார்க்குக் கொடுத்தோம். ஒரு விரல் நுனியால் தொட்டுச் சுவைத்து, கிண்ணத்தை எம்மிடமே திருப்பித் தந்தார்.

இத்தொழிலைப் பொழுதுபோக்காக மேற்கொள்ள விரும்பும் மாணவ நண்பர்க்குச் சில சொல்லி முடிக்கின்றோம். ஒரு பெட்டியோடு தொடங்காதீர், இரண்டோடு தொடங்குக. ஒன்று நலிந்தால் மற்றொன்று கைகொடுக்கும். ஒன்றனை ஒப்பிட்டன்றி மற்றொன்றன் நலந்தீங்கு தொடக்கத்தில் புலப்படாது. பெட்டியைத் திறக்குமுன் 'எதனை அறியத் திறக்கின்றோம்?' என்று கேட்டுக்கொள்க. விடை கிடையாவிடின் மூடிவைக்க. அறிந்தது கிடைத்ததும் மூடுக. கண்டதைக் கண்ட நாளோடு குறித்துவைக்க. யாம் அவ்வாறு குறித்திருந்தால் நவம்பர் 11 ஆம் தேதியே உண்மையை உணர்ந்திருப்போம். இராணி அறையைக் கண்டவுடன் கத்தியை எடாது, முட்டை உண்டா என்று முதலில் பார்க்க. கொடுக்கு ஏறினால் கிள்ளி எடாது நகத்தால் வழித்தெறிக. சிலர்க்கு ஒரே கொட்டினால் மூச்சுத்திணறலும் மயக்கமும் உண்டாதல் கூடும். அத்தகையோர் உடனே மருத்துவரை நாடுவதோடு, இத்தொழிலை விட்டொழித்தலே நன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, வட்டாரத்தில் அனுபவமுள்ள ஒருவரை அண்டி நிற்க. புத்தகம் மறுமொழி சொல்லாது.

ஞானி சாலொமோன் தேனைக் கண்டடைந்தவன் அதனை அளவோடு உண்ணல் வேண்டும் என்று உரைத்தான். பெட்டியை அளவோடு திறத்தல் வேண்டும் என்பதனையும் எம்போன்றோர்க்காகச் சேர்த்திருக்கலாம். யாம் ஆசிரியத்தொழில் பூண்டவர். மாணாக்கரை வாரந்தோறும் சோதித்து, வளர்ந்தனரா வளர்ந்தனரா என்று அடையைப் பிடுங்கிப் பார்ப்பதே கல்வியென்று இருபத்தைந்து ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அவர்கள் தம் பிழையைத் தாமே திருத்தத் தொடங்கும்பொழுது, அத்திருத்தத்தையே பிழையென்று அறுத்தெறிந்த நாட்களும் இல்லாமலில்லை. இப்பொழுதெல்லாம் வகுப்பில் ஒரு பிள்ளை விடைதெரியாது தயங்கி நிற்கும்பொழுது, சற்றே பொறுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, வாயிலைப் பார்த்திருக்கின்றோம். மகரந்தம் வருகின்றது.

இதனை எழுதும் இந்நாளில் எம் பலாமரத்தடியில் நான்கு பெட்டிகள் உள்ளன. அவற்றுள் எது எம் பிழைக்குத் தப்பியது என்று வருவோர் கேட்பதுண்டு. சுட்டிக் காட்டுகின்றோம், திறந்து காட்டுவதில்லை.